வெள்ளச்சியின் கரு

மூன்றாவது முறையும் தட்டு முழுக்கத் தேடிவிட்டாள் கால்நடை டாக்டர் ஷாரோன். மைக்ராஸ்கோப்பில் வெறும் தண்ணீர்தான் தெரிந்தது. கரு இல்லை.

திருவிடந்தையில் கடல் பார்த்த பண்ணை அது. மயிருக்காக வளர்க்கும் ஒட்டகச் சாதி, அல்பாக்கா, ஆறு இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவை.

அதில் மூத்தது வெள்ளச்சி. இனி அதன் உடம்பு குட்டி சுமக்காது. கருவை மட்டும் கழுவி எடுத்து, இளைய பெட்டை ஒன்றின் வயிற்றில் வைப்பதாக ஏற்பாடு.

இதுதான் கடைசி முயற்சி என்று முதலாளி கிருபாகரன் சொல்லியிருந்தார். தவறினால் வெள்ளச்சியை மகாபலிபுரத்து ரிசார்ட் ஒன்றுக்குக் கொடுத்துவிடுவார். வருகிறவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஆணோடு சேர்ந்த ஏழாம் நாள்தான் கரு கருப்பைக்குள் இறங்கியிருக்கும். அதற்கு முன்னால் கழுவினால் கைக்குச் சிக்காது. மேலே கருக்குழாயிலேயே இருக்கும்.

இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் வழியில்லை. உள்ளே தங்கிவிட்ட கருவையும் கலைத்துவிடும் ஊசியை, கழுவின கையோடு போட்டாயிற்று.

வெள்ளச்சி மின்விசிறிக்குக் கீழே காலை மடித்து உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தைப் பிடித்திருந்த செங்கம்மாள், ஷாரோனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நாலு வருஷமாக அதற்குத் தீனி வைப்பவள். ஆணோடு சேர்த்த அன்றைக்கே போன் பண்ணி நாளைச் சொன்னவளும் அவள்தான்.

"நாந்தான் நாள தப்பா சொல்ட்டேன் போல கீது, டாக்டரம்மா." கண் கலங்கியிருந்தது.

"ஒரு நாள் முன்ன பின்ன சொல்லியிருப்பீங்க. விடுங்கக்கா."

செங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி கேட்டால் தன் தப்பு என்றே சொல்லிவிடுவதாகச் சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் ஷாரோன் வாயெடுத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

செங்கம்மாள் சொன்ன நாள் சரிதான். அதன்படி ஏழாம் நாள் நாளைக்கு.

நாளைக்கு நாவலூரில், கூடப் படித்தவளின் புதுமனைப் புகுவிழா. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று ஷாரோன்தான் இன்றைக்கே வந்துவிட்டாள்.