முதல் காலடி

"அங்கேயே நில்லு. உள்ள வராதே."

புத்தாண்டு விடிந்ததும் மாலிவன் காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். கம்பிக்கதவுக்கு உள்ளே நின்றபடி சொன்னது, தோழி தாவின் அம்மா லோவான்.

மாலிவன் லாவோஸ் நாட்டுப் பெண். ஹனோயில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வியட்நாம் புத்தாண்டு லீவுக்கு விடுதியே காலியாகிவிடும், காவல்காரரும் அவருடைய பூனையும்தான் மிச்சம். அவள் ஊருக்கும் போகவில்லை. போன மழைக்காலத்தில் அப்பா செத்துப்போனதிலிருந்து அந்த வீட்டுக்குப் போக அவளுக்கு மனசு வரவில்லை. நாலு நாள் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

"எங்க வீட்டுக்கு வா, எங்கம்மா உன்னை ஊட்டி ஊட்டியே உருட்டி விட்டுடுவாங்க" என்று போன மாசமே கூப்பிட்டு வைத்திருந்தாள் தாவ்.

முந்தின நாள் சாயங்காலமே வந்து சேர்ந்திருக்க வேண்டியது. பஸ் பாதி வழியில் படுத்துக்கொண்டது. ஓட்டுநர் யாரையோ திட்டி, யாரிடமோ கெஞ்சி, அதைக் கிளப்பிக்கொண்டு வருவதற்குள் வருஷமே பிறந்துவிட்டது.

"பெரியம்மா, நான் மாலிவன். தாவ் சொல்லியிருப்பாளே?"

"தெரியும் கண்ணு. கொஞ்சம் பொறு." கதவுக்கு மேலாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலையும், இலையில் பொதிந்த ஒட்டரிசிப் பலகாரத்தையும் நீட்டிவிட்டு லோவான் உள்ளே போய்விட்டாள்.

தூறலில் தெருவில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடுவது மாலிவனுக்குப் பழக்கமில்லை. மாடி ஜன்னலில் தாவின் முகம் தெரிந்தது. கையை ஆட்டினாள். தாவும் ஆட்டினாள், ஆனால் உடனே திரையை இழுத்து விட்டுவிட்டாள். அது சுருக்கென்று தைத்தது.

எதிர் வீட்டு ஹான் தன் வாசலில் நின்று இதையெல்லாம் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தாடை உடுத்தியும் பார்க்க ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு மாலிவன் வாய்த்தாள். எந்த ஊர், என்ன படிப்பு, கல்யாணம் எப்போது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டாள்.

"அப்பா அம்மா சௌக்கியமா?"

"அப்பா இல்லைங்க. போன மழைக்காலத்துல போயிட்டார்."

ஹான் இரண்டடி பின்னால் போனாள்.

"அடிப் பாவமே. அதான் லோவான் வெளிய நிறுத்திட்டா. புத்தாண்டுல யாரு முதல்ல வாசப்படி தாண்டுறாங்களோ, அவங்க ராசிதாம்மா வருஷம் பூரா அந்த வீட்டுக்கு. துக்கத்துல இருக்கிறவ போய் முதல் காலை வெக்கலாமா? உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக் கதவையும் முன்ஜாக்கிரதையாகச் சாத்திக்கொண்டாள்.

மாலிவனுக்கு முகமெல்லாம் சுட்டது. அப்பாவை இழந்தது ஒரு குற்றமா? தாவுக்கும் எல்லாம் தெரியும். அடக்கத்தன்று போனில் கூடவே அழுதவள் அவள். இப்போது திரைக்குப் பின்னால் நிற்கிறாள்.

பலகாரத்தைப் பிரிக்காமலே ஸ்டூல் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். பையைத் தோளில் மாட்டியபோது கம்பிக்கதவு திறந்தது.

லோவான்தான். புத்தாண்டுக்கென்று தைத்த சிவப்பு நீள் அங்கி உடுத்தியிருந்தாள், ஆனால் கண் இரண்டும் வீங்கியிருந்தன. தெருவில் இறங்கி நின்றாள். ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டாள். பிறகு திரும்பி, வீட்டுக்குள் காலெடுத்து வைத்து நடந்தாள். வாசற்படிக்கு அந்தப் பக்கம் போய் நின்றதும் கூப்பிட்டாள்.

"இப்ப வா கண்ணு."

"வேண்டாம் பெரியம்மா. துக்கத்துல இருக்கிறவ வரக் கூடாதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்தே இருக்க மாட்டேன். நான் ஹனோய்க்கே போறேன்."

லோவான் எதிர் வீட்டுக் கதவை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஹான் சொன்னாளா? அவளுக்கு வேற என்ன வேலை." சட்டென்று வெளியே வந்து மாலிவனின் கையைப் பிடித்தாள். குரல் இறங்கிவிட்டது. "தாவோட அப்பா உள்ள படுத்திருக்கார். இனிமே எங்களால ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில அனுப்பி வெச்சுட்டாங்க. நல்ல நாள்ல வியாதிப் பேச்சு எடுக்கக் கூடாதுன்னு நான்தான் தாவ் வாயை அடைச்சேன். உன்னைப் பாத்தா எங்க அழுதுடுவாளோன்னு ஜன்னல் பக்கமே போகாதேன்னேன்."

மாலிவன் பையை இறக்கி வைத்தாள்.

"முதல்ல வர்றதுக்கு வாத்தியார் ஒருத்தரைச் சொல்லி வெச்சிருந்தோம். நல்ல ராசிக்காரர். நாலு வருஷமா அவர்தான். இந்த வருஷம் இருமல்னு இப்பதான் போன் பண்றார். இருமலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆள் சாகக் கிடக்கிற வீட்டுல முதல் காலை வெக்க யாருக்கு வரும் தைரியம்?"

"அப்போ என்னை..."

"நீ முதல்ல வந்திருந்தா, அவர் நாளைக்கே கண்ணை மூடினாலும், 'லாவோஸ்காரி வந்து காலை வெச்சா, மனுஷன் போயிட்டார்'னுதான் இந்தத் தெரு சொல்லும். சொந்த அப்பாவைப் பறிகொடுத்துட்டு வந்திருக்கிற பொண்ணு தலையில, இன்னொரு அப்பா சாவையும் தூக்கி வெக்கச் சொல்றியா?"

லோவான் மாலிவனுடைய பையைத் தானே எடுத்துக்கொண்டு, அவளைத் தோளோடு அணைத்துப் படியேற்றினாள்.

"இப்ப முதல்ல உள்ள வந்தவ நான். சொல்றவங்க இனிமே என்னைச் சொல்லட்டும். நீ வா, சூப் ஆறிடும்."