ஆறு மணிப் பதிவு

முப்பது பேர் மூடிய கேட் முன்னால் நின்றார்கள். தவறு சென்னகிருஷ்ணனுடையது.

அவனுக்கு ஒரு வலைப்பூ உண்டு. பெயர் 'கேட் நோட்டீஸ்'. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் எந்தக் கம்பெனி வாசலில் 'ஆட்கள் தேவை' ஒட்டியிருக்கிறது, எத்தனை மணிக்கு வரவேண்டும், எல்லாம் முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே பதிவில் வந்துவிடும். இருநூற்றுப் பத்து நாள். ஒரு நாள் தவறவில்லை.

"வேலைக்கும் போய்க்கொண்டு தினமும் எப்படி எழுதுகிறீர்கள்?" என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு பதிவு போட்டான். நோட்டில் கட்டம் போடு. திங்கள் இந்தத் தெரு, செவ்வாய் அந்தத் தெரு. எழுதாமல் சாப்பிடாதே. எழுபது பின்னூட்டம். பாதி 'அருமை தல'.

அப்புறம் புது வசதி ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு பதிவையும் எழுதி, நாளும் மணியும் குறித்துவிட்டால் போதும். தானாக வெளியாகும். சாயங்காலம் கேட் கேட்டாகச் சுற்றுவதை அன்றோடு விட்டான்.

புதன் காலை எட்டு மணி. கிருஷ்ணகிரியில் கல்யாணப் பந்தியில் இருந்தான். வலைப்பூவில் நம்பர் கொடுத்திருந்த செல்போன் அடித்தது.

"கேட் நோட்டீஸ் அண்ணாவா? நான் ஜைபா. காவேரிப்பட்டினத்துலருந்து ஒயரிங் கம்பெனிக்கு வந்திருக்கேன். இன்டர்வியூ ரத்துன்னு ஒட்டியிருக்காங்கண்ணா."

"இருக்காதும்மா. நான் எழுதியிருக்கேனே."

"அதைப் பார்த்துத்தாண்ணா முப்பது பேர் நிக்கறோம். மாங்கூழ் கம்பெனியில சூப்பர்வைசர்கிட்ட சண்டை போட்டுட்டு வந்துட்டேன். இனி அங்க உள்ளயே விடமாட்டாங்க. வீட்ல நான் ஒருத்திதான் வேலைக்குப் போறேன். இப்ப நான் என்ன..."

காயின் போன். ஒரு ரூபாய் தீர்ந்தது. பேச்சு அறுந்தது.

இலையை மடித்தான்.

"பாயசம் வருது தம்பி" என்றார் பக்கத்து இலைக்காரர்.

"நீங்களே ரெண்டு வாங்கிக்குங்க."

ஓசூர் பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் படிக்கட்டருகே நின்றான். சூளகிரியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். இவன் ஹாரனைத் தானே அடிக்கலாமா என்று பார்த்தான். ஜைபா பேசிய நம்பரைத் திருப்பி அழைத்தான்.

"டீக்கடை மாரம்மா. யாரு?"

"எதிர் கேட்டுல ஆளுங்க நின்னாங்களே, இருக்காங்களா?"

"எங்க இருக்காங்க? வாட்ச்மேன் அத்தனை பேரையும் ஓட்டிக்கிட்டுப் போயிட்டார்."

"ஓட்டிக்கிட்டா?"

"ஆமா. 'நடி, நடி'ன்னு, நடங்கன்னு கன்னடத்துல ஒரே கத்தல். ஆட்டு மந்தை கெட்டுது போ. டீ விக்கற நேரத்துல என் பொழப்புல மண்ணு."

சென்னகிருஷ்ணன் பல்லைக் கடித்தான். அந்த ஆளை அவனுக்குத் தெரியும். ராமப்பன். நோட்டீஸைப் படிக்கப் போனாலே கம்பைத் தட்டி விரட்டுகிறவர். பெயர் போட்டே ஒரு தடவை கிழித்து எழுதியிருக்கிறான். அதற்கும் நல்ல கூட்டம்.

பதினோரு மணிக்குக் கேட்டுக்குப் போனான். ராமப்பன் சாப்பாட்டுத் தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"எங்கே ஓட்டினீங்க அவங்களை?"

"நைட் டூட்டி முடிச்சிட்டு இன்னும் படுக்கலை. தொணதொணக்காதே."

"பொண்ணுங்கன்னுகூடப் பார்க்கலையா நீங்க?"

"பூட்டின கேட்டைப் பார்த்துக்கிட்டு நின்னா வேலை வந்துடுமா? நோட்டீஸ் மாத்தி ரெண்டு நாளாச்சு. நீ வந்து பார்த்தியா?"

இவன் வாயைத் திறப்பதற்குள் சைக்கிள் திரும்பிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் தேடினான். காவேரிப்பட்டினம் வழியாகப் போகும் பஸ்களில் ஏறி ஏறி இறங்கினான். ஜைபா என்று யாரும் இல்லை. முகமே தெரியாத பெண்ணை எப்படித் தேடுவது?

பிரௌசிங் சென்டருக்குப் போனான். 'மன்னிக்கவும், என் தவறு' என்று தட்டினான். பார்த்தான். அழித்தான்.

'முப்பது ஏழைகளை விரட்டிய காவலாளி' என்று தட்டினான். கை ஓடியது. ஐந்து பத்தி, பத்து நிமிஷம். இன்றைக்கும் பதிவு தவறவில்லை. வெளியிடப் போகும்போது போன் அடித்தது.

"அண்ணா, ஜைபா. வேலை கிடைச்சிடுச்சு!"

"எங்கேம்மா?"

"பிஸ்கட் கம்பெனியில. பதினெட்டு பேரை எடுத்துட்டாங்க. மத்தவங்களை நாளைக்கு வரச்சொல்லியிருக்காங்க."

"அங்க ஆள் எடுக்கறாங்கன்னு எனக்கே தெரியாதே!"

"வெளியில நோட்டீஸே இல்லைண்ணா. நாலு கேட்டுல இல்லைன்னுட்டாங்க. அஞ்சாவதுலதான் கதவைத் திறந்தாங்க. பாரத்துல 'யார் சொல்லி வந்தீர்கள்'னு ஒரு கட்டம் இருந்துச்சு..."

சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என் பேரைப் போட்டியா?"

"போட்டேண்ணா." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம் அடிச்சிட்டேன். தப்பா நினைக்காதீங்க. கால் கடுக்க எங்ககூட நடந்தவர் பேரைத்தானே எழுதணும்? பதினெட்டு பேரும் அதைத்தான் எழுதினோம்."

"யார் பேரு?"

"ராமப்பன்."