பயன்படாத அடுக்குகள்

பிற்பகல் வெயில் திரைச்சீலை இடுக்கில் புகுந்து விசைப்பலகைமேல் கோடாகக் கிடக்கிறது. தங்கை, அழிந்ததை மீட்கும் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறாள். டக், டக், டக். திரையில் காடு மட்டும் இருக்கிறது. ஐந்து மாதமாகச் சிறுவர் புத்தகத்துக்கு அவள் வரைந்த பூனைகள் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பூனையும் கண்ணாடித் தாள்போலக் காட்டின் மேல் படியும் தனி அடுக்கில் இருந்தது. காட்டுக்கு வண்ணம் தீட்ட வசதியாக அந்த அடுக்குகளையெல்லாம் மறைத்து வைத்துவிட்டு, மென்பொருளில் இருக்கும் ஏஐ உதவியாளிடம், "இந்த ஃபைலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணு" என்று காலையில் சொல்லியிருக்கிறாள். அதுவும் சொல் தட்டாமல் சுத்தம் செய்து, சேமித்து, மூடிவிட்டது. வேறு நகல் கிடையாது. பக்கத்து நாற்காலியில் அக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்தக் கருவி என்ன செய்யும் என்று அந்த உதவியாளுக்கு எழுதிக் கொடுப்பது அவள் உத்தியோகம். 'பயன்படாத அடுக்குகளை நீக்கும்' என்று காலி அடுக்குகளை நினைத்து எழுதியவள் அவள்தான். மறைத்து வைத்தவையும் பயன்படாதவைதான் என்று அது எடுத்துக்கொண்டது. "அதுக்குப் புரியலையாக்கா?" என்கிறாள் தங்கை. "அது நான் எழுதினபடிதான்மா செஞ்சிருக்கு. எழுதினதுதான் தப்பு." அக்கா தன் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைத் திருத்துகிறாள், வேறென்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. தங்கை எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாக வாசிக்கிறாள்: "எதுவுமே வரையாத அடுக்குகளை மட்டும் நீக்கும். மறைத்து வைத்தவற்றைத் தொடாது." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப தெளிவா இருக்குக்கா" என்கிறாள். அவள் குரலில் கோபம் கொஞ்சமும் இல்லை. அக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.