பேர் சொல்லாத மாத்திரைகள்

மருந்து டப்பாவில் ஒரு துண்டு அட்டை கிடந்தது. அதில் இரண்டு வெள்ளை மாத்திரைகள். மெடிக்கலில் கத்தரிக்கோல் அவசரப்பட்டதில், பேரும் தேதியும் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது.

"நீங்க எதுக்கு?" என்று தைலப் புட்டி கேட்டது.

"அதுதாண்ணே தெரியலை. காய்ச்சலுக்கா, சர்க்கரைக்கா..."

"பார்க்க லட்சணமா இருக்கீங்க. பேரு எதுக்கு?" என்று புட்டி சிரித்தது.

அன்று மரகதத்துக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது. டப்பாவைத் திறந்து, அந்தத் துண்டைத்தான் முதலில் எடுத்தாள்.

"அக்கா, திருப்பிப் பாருங்கக்கா!" என்று மாத்திரைகள் பதறின.

அவளுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் பிதுக்கும் முன் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் இல்லை.

"பேரு சொல்லாத ஆளை வாசல்லயே நிறுத்துறேன். வாய்க்குள்ள விடுவேனா?" என்று துண்டைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அப்பாடா, யார் வயித்தையும் கெடுக்கலை" என்று உள்ளே விழுந்த மாத்திரைகள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டன.

மரகதம் அடுத்ததாகத் தைலப் புட்டியை எடுத்தாள். பேரையும் தேதியையும் படித்துவிட்டு, நெற்றியில் தேய்த்துக்கொண்டு, திரும்ப வைத்தாள்.

டப்பா மூடியதும் புட்டி, உரிந்துகொண்டிருந்த தன் லேபிளின் ஓரத்தைச் சத்தமில்லாமல் அழுத்தி ஒட்டிக்கொண்டது.