சாவி போட்டதும் வரும் சத்தம்

சாவியைத் திருப்பினான்.

சத்தம் இல்லை.

இன்னொரு தடவை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வேனின் பின்பக்க டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் ஊமையாகக் கிடந்தது.

அப்படித்தான் இருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது பம்ப் ஓடக் கூடாது.

"இதுல அந்தச் சத்தம் வரலியே, அண்ணே."

திரும்பினான். பட்டறை வாசலில் சந்தனமாரி நின்றாள். தோளில் பெண் பிள்ளை தூங்கியது. அவள் புருசன் மந்திரமூர்த்தி வேனோடு எரிந்துபோனான். பதினாறாம் நாள் காரியம் நேற்றுத்தான் முடிந்தது.

"எந்தச் சத்தம்?" என்றான். தெரியாமல் கேட்கவில்லை.

"அவிய வண்டில சாவி போட்டதும் உய்யின்னு ஒண்ணு கேக்குமே. நிக்காம. அண்ணன் கைய வச்ச பொறவு ஒத்த அடியில எடுக்குன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாவ."

அவன் சாவியை உருவினான்.

உப்பளத்துக்கு ஆள் ஏற்றும் வேன்களுக்கெல்லாம் ஒரே சாவு. உப்புக்காற்று எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தின்றுவிடும். அது போனால் இன்ஜெக்ஷன் எஞ்சின் வெறும் இரும்பு. அவன் பழைய கார்புரேட்டர் எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைப்பான். டாங்கிக்குள் இருக்கும் இன்ஜெக்ஷன் பம்ப்பை மாற்ற மாட்டான். அந்தப் பம்ப் மூர்க்கமாகத் தள்ளும். கார்புரேட்டர் தாங்காது. அதனால் நடுவில் ஒரு ரெகுலேட்டர். மிஞ்சுகிற பெட்ரோல் டாங்கிக்கே திரும்ப ஒரு பைப். எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க ஓர் ஆயில் பிரஷர் சுவிட்ச்.

மந்திரமூர்த்தியின் வேனுக்கும் எல்லாம் வைத்தான்.

சுவிட்ச் இருந்தால் காலையில் வண்டி சட்டென்று எடுக்காது. ஆயில் ஏறினால்தான் பம்ப் ஓடும்; அதுவரை செல்ப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"என்னடே செஞ்சு வச்சிருக்க? சாவியத் திருப்பிட்டு சாமி கும்பிட வேண்டியிருக்கு. எறங்கித் தள்ளவா, இல்ல கொலவ போடவான்னு அளத்துப் பொம்பளைய கேக்குதாளுவ."

மந்திரமூர்த்தி சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

செல்ப் அடிக்கும்போது மட்டும் பம்ப்புக்குக் கரண்ட் போக இன்னொரு வயர் இழுத்தால் தீர்ந்தது. அரை நாள் வேலை. அன்றைக்குப் பட்டறையில் வேறு வண்டி பிரித்துப்போட்டபடி கிடந்தது. சுவிட்சைக் கழற்றிப் போட்டான். சாவியிலிருந்து பம்ப்புக்கு நேராக ஒரு வயரை முறுக்கிவிட்டான்.

"ஒரு வாரம் ஓட்டு. பொறவு வா, சரியாப் போட்டுத் தாரேன்."

வரவில்லை. ஒத்த அடியில் எடுக்கிற வண்டியை எவன் பட்டறைக்குக் கொண்டுவருவான்.

இவனும் கூப்பிடவில்லை.

நான்கு மாதம்.

அளத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது வளைவில் வேன் ஒருக்களித்து விழுந்தது. பெரிய விழுதல் இல்லை. சிராய்ப்போடு எழுந்து வர வேண்டியவன். எஞ்சின் நின்றுவிட்டது. பம்ப் நிற்கவில்லை. ஓட்டுகிறவன் இருக்கைக்கு அடியிலேயே எஞ்சின். பிடுங்கிக்கொண்ட பைப்பிலிருந்து, சூடாக இருந்த சைலன்சர் மேல் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருந்திருக்கும்.

யாரும் பார்க்கவில்லை. இவனுக்குப் பார்க்கத் தேவையில்லை.

அதே மாதிரி இவன் வயர் முறுக்கிய வேன் இன்னொன்று ஊரில் ஓடியது. மூன்று தடவை ஆள் அனுப்பினான். நல்லாத்தானே ஓடுது என்று இழுத்தடித்து, இன்றைக்குத்தான் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். சுவிட்சை மாட்டி இப்போதுதான் முடித்திருந்தான்.

"எல்லாரும் பீடி நெருப்புதாங்காவ, அண்ணே."

சந்தனமாரி பிள்ளையைத் தோள் மாற்றினாள்.

"இவ தலையில கை வச்சு சத்தியம் பண்ணிட்டு விட்டாவ. ரெண்டு வருசம் ஆச்சு. பிள்ள மேல பண்ணின சத்தியத்த மீறிட்டான், அதான் அவன எரிச்சிட்டு, இனி பிள்ளையத்தான் புடிக்கும்னு மாமியாளே சொல்லுது. மூணு நாளா இவளுக்குக் காய்ச்சல். நீங்க அவியளோட சேக்காளி. மறைக்காதிய. பீடி குடிச்சாவளா?"

பிள்ளையின் உதடு வெடித்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு விட்டது.

"குடிக்கல."

"நெசமாவா?"

"பீடியக் கையால தொடல, தங்கச்சி. எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம்.

பிள்ளையின் தலையில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. தூங்குகிற காதுக்குள் சொன்னாள்.

"கேட்டியாட்டி. அப்பா மீறல."

பிறகு இவனைப் பார்த்தாள்.

"அண்ணன் சொன்னாவன்னா மாமியா நம்பும். நீங்க நல்லா இருக்கணும்."

பிள்ளையின் தலைக்கு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். வெயில் வெள்ளையாக அடித்தது.

கழற்றிய வயர் அவன் காலடியில் கிடந்தது. சிவப்பு வயர். ஒரு முழம்கூட இருக்காது.

குனிந்து எடுத்தான்.

"தங்கச்சி."

அவளுக்குக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்து மறுபடி கூப்பிட்டான்.

அவள் நின்றாள். திரும்பினாள்.

பதினேழு நாளில் முதல்முறையாக அந்த முகம் தெளிந்திருந்தது.