முதலாளி இழுத்த மூச்சு

“எங்க வீட்டுக்காரரு தண்ணி போட்டுட்டுத்தான் கடல்ல இறங்குனாருன்னு போலீசுகிட்ட சொன்னது யாரு?”

படகுத்துறைப் பலகையில் நின்றபடியே மாடில்டா கேட்டாள். கணவனை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் அழ வரவில்லை.

1986-இல் கோலா சிலாங்கூரில் பாலகிருஷ்ணனுக்கு இரண்டு படகுகள் இருந்தன. மீன்பிடிப் படகுகளின் அடிப்பகுதியைப் பழுது பார்ப்பதும், அவற்றின் உந்துவிசிறியில் சிக்கிய வலையை அறுத்தெடுப்பதும் அவருடைய தொழில். மூழ்கி வேலை செய்கிறவனுக்கு, மேலே படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து நீண்ட ரப்பர் குழாய் வழியாக மூச்சுக் காற்று போகும். சுங்கை செம்பிலாங் கடலோரத்தில் அப்படி இறங்கிய மாடில்டாவின் கணவன் ராஃபேல் உயிரோடு மேலே வரவில்லை.

“யாரும் வேணும்னு சொல்லல மாடில்டா,” பாலகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினார். “மேல தூக்குனப்ப மொகமெல்லாம் செக்கச் செவேல்னு இருந்துச்சு. போலீசு கேட்டுச்சு, பாத்தத சொன்னேன். குடிச்சவன் மொகம்தான் அப்படி இருக்கும்.”

“அவரு அப்பா சம்சு குடிச்சுத்தான் தோட்டத்து லயத்துல செத்தாரு. அன்னையிலேர்ந்து இவரு அந்தப் போத்தலத் தொட்டதில்ல. அது உங்களுக்கும் தெரியும். பெட்டியில படுக்க வச்சப்பகூட அந்தச் செவப்பு போகல முதலாளி. மாதா கோயில்ல எங்கள எப்படிப் பாத்தாங்க தெரியுமா? குடிகாரன் பொண்டாட்டி, குடிகாரன் பிள்ளைங்க.”

“எனக்கும் வருத்தம்தான்லா. செத்தவன எழுப்பவா முடியும்?” அவர் படகின் பக்கம் திரும்பினார். “டேய் செல்லா, கெளம்புங்கடா. தண்ணி ஏறுது. அங்க போட்டுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான்.”

படகில் நின்ற செல்லன் அசையவில்லை. ராஃபேலோடு சேர்ந்து மூழ்கி வேலை செய்தவன் அவன். மற்ற ஆட்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“நாங்க இறங்க மாட்டோம் முதலாளி. ஒரு மாசமா கீழ போனாலே தலை இடிக்குது, வாந்தி வருது. அந்தக் கம்ப்ரசர் காத்து சரியில்ல.”

“காத்துன்னா காத்துதான்டா. வெளியில இருக்குற அதே காத்தத்தான் அது இழுத்துக் குடுக்குது. சாக்கு சொல்லாதீங்க.”

“அப்ப நீங்க அத மூச்சா இழுத்துக் காட்டுங்க,” என்றாள் மாடில்டா.

“என்னது?”

“தண்ணிக்குள்ள போக வேணாம். படகுலயே உக்காந்து, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா, எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டுத்தான் செத்தாருன்னு நானே கோயில் வாசல்ல நின்னு சொல்றேன்.”

ஆட்கள் எல்லோரும் பாலகிருஷ்ணனையே பார்த்தார்கள். மறுத்தால் இன்று மட்டுமல்ல, நாளைக்கும் ஒருவனும் இறங்க மாட்டான் என்பது அவருக்குப் புரிந்தது. சிரித்துக்கொண்டே படகில் ஏறி, ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“கொண்டாங்கடா.”

செல்லன் கம்ப்ரசரை ஓடவிட்டான். படபடவென்ற சத்தத்தில் பலகைகள் அதிர்ந்தன. குழாயோடு கூடிய முகமூடியை அவர் முகத்தில் பொருத்தி, பின்தலையில் வாரை இழுத்து மாட்டிவிட்டு, கம்ப்ரசருக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

பாலகிருஷ்ணன் மூச்சை இழுத்தார், விட்டார். எல்லாம் சரி என்று கையை ஆட்டினார். மாடில்டா எதிரே நின்று அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் ஆட்டிய கை மடியில் விழுந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. மூச்சை அடக்கி அடக்கி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். மார்பைத் தடவினார். பிறகு வாரைப் பிய்த்து முகமூடியை வீசி எறிந்தார்.

“நிறுத்துடா அத.” படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். “ஒரே புகை நாத்தம். தலை கிறுகிறுன்னு சுத்துது. என்னையும் கொல்லப் பாக்குறீங்களா?”

“காத்துன்னா காத்துதான்னு சொன்னீங்களே,” என்றாள் மாடில்டா.

“என்னா காத்து? புகைக்குழாய் ஒடஞ்சு, எஞ்சின் புகையெல்லாம் காத்து இழுக்குற வாயிலதான் போகுதுன்னு ராஃபேலே வந்து சொன்னான். இந்த வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்னு நான்தான்...”

செல்லன் அதற்குள் கம்ப்ரசரை நிறுத்தியிருந்தான். அந்த அமைதியில் அவர் சொன்னது கரையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“தெரிஞ்சேதான் அவர கீழ அனுப்பியிருக்கீங்க.” மாடில்டா ஓர் அடி முன்னால் வந்தாள். “அந்தப் புகைதான் அவரு மொகத்த அப்படிச் செவக்க வச்சிருக்கு. தெரிஞ்சேதான் குடிகாரன்னு பேரு வச்சீங்க. வாங்க, இப்ப சொன்னத அப்படியே போலீசுல சொல்லுங்க.”

“நானும் சொல்லுவேன். விஷப் புகைய இழுக்க வச்சு என்னைக் கொல்லப் பாத்தீங்கன்னு சொல்லுவேன்.”

செல்லன் கம்ப்ரசருக்கு முன்னாலிருந்து ஒதுங்கி நின்றான். முகமூடியிலிருந்து போன குழாய் கம்ப்ரசரைத் தொடவே இல்லை. அதைத் தாண்டிப் போய், காலையில் அவன் கிள்ளானிலிருந்து கொண்டுவந்திருந்த, சுத்தமான காற்று அடைத்த சிலிண்டரில் மாட்டியிருந்தது.