ஆமாம் போட்ட ஓணான்

மாட்டுக் கதைன்னதும், கடைசியில நீதி வரும்னு கொட்டாவியைத் தயாரா வச்சிருப்பீங்க. கொஞ்சம் அடக்கிக்கோங்க.

சிங்காரம் ஒரு பூம்பூம் மாடு. வீடு வீடாப் போய், யார் எதைக் கேட்டாலும் ஆமாம்னு தலையை ஆட்டி ஆட்டியே கழுத்து தேஞ்சு போச்சு. அது சொன்னதுக்குத் தலையாட்டத்தான் ஒருத்தரும் இல்ல.

அன்னிக்கு அதை வாதாமரத்துல கட்டிட்டு மாட்டுக்காரர் டீ குடிக்கப் போனாரு. அடிமரத்துல ஒரு ஓணான். சிங்காரம் அதைப் பார்த்துக் கேட்டுச்சு:

"அண்ணே, எனக்கும் மனசு இருக்குல்ல?"

ஓணான் வேகமாத் தலையாட்டுச்சு.

"நான் பாவந்தானே?"

அதுக்கும் ஆட்டுச்சு. சிங்காரத்துக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதுக்குள்ள உறுமி மேளச் சத்தம் கேட்டுச்சு. மாட்டுக்காரர் வந்துட்டாரு!

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே! கயித்தை அறுத்துட்டு உங்ககூடவே இங்க தங்கிடவா?"

ஓணான் உடம்பையே தூக்கித் தூக்கி ஆட்டுச்சு. சிங்காரம் ஒரே இழுப்புல கயித்தை அறுத்துச்சு.

மேல காய் கொறிச்சிட்டிருந்த அணிலுக்குப் பொறுக்கல. "யோவ்! ஓணான் தலையாட்டினா, 'இது என் மரம், சண்டைக்கு வர்றியா'ன்னு அர்த்தம்! அது இவ்வளவு நேரமா உன்னைத் தொரத்திட்டிருக்கு. நீ பேசினதுல ஒரு வார்த்தை அதுக்குப் புரியலய்யா!"

சிங்காரம் பழக்கதோஷத்துல தலையை ஆட்டுச்சு.